சிங்கத்துக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை

1

போன கிழமை மகனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. என் கணவர் இங்கே நைஜீரியாவில் பெரிய பிள்ளைகளின் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறார். அந்நேரம் அவருக்கு வகுப்பு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நான் தனியாகப் போனேன்.

தலைமை ஆசிரியை நாட்டின் தெற்குப் பக்கத்தைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் தந்து, பிறகுதான் மெதுவாகக் கேட்டார், மகனின் காதை எப்போதாவது டொக்டரிடம் காட்டியிருக்கிறீர்களா என்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு காலையும் வரவு இடாப்பில் முகம்மது ஸக்கி என்று கூப்பிடும்போது பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறானாம். சத்தமாகக் கூப்பிட்டாலும் அப்படித்தானாம். ஆனால் பின்வரிசை வாங்கில் பென்சில் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானாம். அவருக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம்.

வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். என்ன பெயர் என்றார். என் மகனை இந்தத் தெருவே குப்பைமேடு என்று கூப்பிடுகிறது என்பதை ஒரு தலைமை ஆசிரியையிடம் எந்த இங்கிலீஷில் சொல்வது?

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னார். அதன் முதலில் வரும் 'அக்கின்' என்ற சொல்லுக்கு அவர்களின் யொரூபா பாஷையில் வீரம் என்று பொருளாம். ஒரு பெயரை வைத்தால் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை தகப்பனையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார். இங்கே கேட்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த எனக்குப் பாஷை போதாது. ஊரில் உள்ள உங்களுக்குச் சொல்லலாம். ஆனால் அதற்கு இலங்கையில் எங்கள் நிந்தவூரிலிருந்து தொடங்க வேண்டும்.

2

என் கணவர் சாய்ந்தமருதுக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் முதன்முதல் படித்த ஆள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து நிந்தவூரில் என் வீட்டுக்கு வந்தார். ஆறு மணிக்கு மேல் என் வாப்பாவின் கடையில் இருந்துகொண்டு அவர் கதைக்கிற கதைகளில் பாதி பெயர்களைப் பற்றித்தான் இருக்கும். எங்கட ஆக்கள் லெப்பை, தம்பி, பாவா என்று வைத்து வைத்தே பிள்ளைகளைத் தலைகுனிய வைத்துவிட்டார்கள் என்பார். ஒரு பெயரைக் கேட்டால் எதிரே நிற்கிறவன் ஓரடி பின்னால் போகவேண்டும் என்பார். வாப்பாவின் பெயரே ஆதம்லெப்பைதான். அவர் சிரித்துக்கொண்டு சீனி நிறுப்பார்.

எழுபத்தாறில் எங்களுக்கு முதல் மகன் பிறந்தான். ஹம்ஸா என்று வைத்தார். சிங்கம் என்று பொருள் சொன்னார். கையில் எடுத்தால் பாரமே தெரியாத பிள்ளை. நாற்பதாம் நாள் கழிக்கும் முன்னமே மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டான்.

இரண்டாமவன் பிறந்தபோது காலித் என்றார். என்றும் நிலைத்திருப்பவன் என்று பொருள். பெயர் வைக்கிற அன்று என் உம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, பேர் பாரமாக இருக்கிறது, பிள்ளை தாங்காது, வீட்டுக்குள் குப்பைத்தம்பி என்று கூப்பிடுவோம் என்றார். முன்னம் பிள்ளை தவறிய வீடுகளில் எங்களூரில் அப்படிச் செய்வார்கள். குப்பை என்றும் பிச்சை என்றும் கூப்பிட்டால் மவுத்து அந்தப் பிள்ளையைப் பெரிதாக எண்ணாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. என் கணவரிடம் சொன்னேன். கோபிக்கவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது.

"புள்ளையக் குப்பை எண்டு கூப்புடுறதுக்கா நான் படிச்ச?"

காலித் உட்காரத் தொடங்கியிருந்த காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அது நெல் வெட்டுக்காலம். சவளக்கடையில் எங்கள் வயலில் நின்ற வாப்பாவுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

நான் அப்பவே சொன்னேன் என்று உம்மா ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி அழுதிருப்பேன். இவர் அந்த இரண்டு பெயரையும் அதற்குப் பிறகு வீட்டில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பெயர்களே பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டனவா, இல்லை அப்படி நினைப்பதே அல்லாஹ்மேல் வைத்த ஈமானுக்குப் பழுதா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

3

அடுத்த வருசங்களில் நைஜீரியாவுக்கு வாத்திமார் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. இவர் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போய் வந்தார். நானும் வருவேன் என்று நின்றேன். வடக்கே கானோ நகரத்திலிருந்து அரைநாள் பஸ்ஸில் வருகிற இந்தச் சிறிய ஊரில் எங்களுக்கு வீடு தந்தார்கள். கடல் இல்லாத ஊர். வருசத்தில் சில மாதம் பாலைவனத்துத் தூசி வந்து சூரியனையே மறைத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரி லரபா. புதன்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர். இந்தப் பக்கத்து ஹௌஸாக்காரர்களில் அப்படிக் கிழமைப் பெயர் நிறைய. அவளும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மிஞ்சியவன் ஒருவன்தான், பெயர் பரௌ. எஞ்சியவன் என்றே அதற்கு அர்த்தம்.

பாஷை தெரியாமல் நான் பட்ட பாட்டை என்ன சொல்வது? ஒருநாள் மாவு இடித்துக் கை வலித்தது. என்ன செய்கிறது என்று லரபா கேட்டாள். என்னையறியாமல் கை, கை என்றேன். ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து என் தலையில் இறுக்கிக் கட்டினாள். அவர்கள் பாஷையில் 'கை' என்றால் தலையாம்.

எண்பதில் நான் மறுபடியும் பிள்ளையுண்டானேன். எனக்குச் சந்தோசமும் பயமும் சரிசமம். இவரிடம், இந்தமுறை வீரமான பெயர் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் நாள் கணக்காக யோசித்துவிட்டு ஒரு பெயரோடு வந்தார். ஸக்கி. அரபியில் தூய்மையானவன். ஊரில் சாதாரணமாக வைக்கிற பெயர். எனக்கு மனம் ஆறியது. ஓம் என்றேன்.

பெயர் வைக்கிற நாளுக்குச் சற்று முன்தான் தெரிந்தது, ஹௌஸாவில் ஸக்கி என்றால் சிங்கமாம். ராசாக்களைக்கூட அப்படித்தான் அழைப்பார்களாம். அது தெரிந்துதான் வைத்தீர்களா என்று கேட்டேன். இவர் சிரித்தார். இன்னொரு குழப்பமும் இருந்தது. 'க்கி'யைக் கொஞ்சம் இறுக்கிச் சொன்னால் அதே சொல் இனிப்பு என்றாகிவிடுமாம். நான் வாய்நிறைய ஸக்கி என்று கூப்பிட, சந்துப் பிள்ளைகள் இனிப்பு, இனிப்பு என்று சிரித்தார்கள்.

4

ஏழாம் நாள் கிடாய் அறுத்து, முடி இறக்கி, பெயர் வைத்தோம். ஆண்கள் முற்றத்தில் இருந்தார்கள். லரபா பிள்ளையைக் குளிப்பாட்டக் கேட்டாள். கொடுத்தேன். நேரம் போனது, பிள்ளை வரவில்லை. எழும்பி மெல்ல நடந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

வீடுகளுக்குப் பின்னால் சந்தே குப்பை கொட்டுகிற மேடு. சாம்பலும் சோளச் சக்கையும் கிடந்த அந்த மேட்டின் ஓரத்தில் ஒரு துணியை விரித்து என் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். தான் நாலடி தள்ளித் திரும்பி நின்றாள். வேறொரு பெண் வழியில் போகிறவள்போல வந்து, இதென்ன, யாரோ எறிந்துவிட்டுப் போன பிள்ளை என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து நீட்டி, குப்பையில் ஒன்று கிடைத்தது, வளர்க்கிறாயா என்று கேட்டாள். அஜூஜி என்றாள். குப்பைமேடு.

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். எனக்குள் என்ன வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோபமா? உம்மா அறைக்குள் கூப்பிட்டுச் சொன்ன அதே விசயத்தை, உம்மாவை ஒருநாளும் காணாத ஒருத்தி, இத்தனை கடல் தாண்டிய ஊரில் செய்கிறாளே என்ற திகைப்பா?

அன்றைக்கே இவருக்கும் தெரியவந்தது. என்னைக் கண்டித்தார், லரபாவின் புருசனிடமும் போய் முறையிட்டார். அந்த மனிதர் மிகவும் மரியாதையாக, உங்கள் பிள்ளை சிங்கம்தான் ஸேர், சிங்கமென்று மவுத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து சந்தில் எனக்கும் ஒரு பெயர் வந்தது. மாமன் அஜூஜி. அவர்கள் தாயை மாமன் என்றுதான் சொல்வார்கள். உம்மாவுக்கு எழுதியபோது இதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. உங்கள் மகள் இங்கே மாமனாகிவிட்டாள் என்று எப்படி எழுதுவது?

5

பிள்ளை நடக்கிற காலத்தில் சந்தில் சின்னமுத்து என்கிற அம்மை வந்தது. சில வீடுகளில் பிள்ளைகள் போனார்கள். இவனுக்கும் உடம்பு கொதித்தது, கண் திறக்கவில்லை. டொக்டர் ஊசி போட்டார். இவர் பக்கத்திலிருந்து குர்ஆன் ஓதினார். லரபா வேலிக்கு அப்பால் நின்று அஜூஜி, அஜூஜி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. நானும் அஜூஜி என்றுதான் கூப்பிட்டேன். இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.

பிள்ளை தப்பிவிட்டான். ஊசியா, ஓதலா, அந்தப் பெயரா? அல்லாஹ்தான் காப்பாற்றினான் என்று வாயால் சொல்கிறேன், மனதாலும் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவனை ஸக்கி என்று கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. இவர் மட்டும் அஜூஜி என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு உம்மா ஒரு பெயர், வாப்பா ஒரு பெயர். அவனோ தமிழில் கேட்டதற்கு ஹௌஸாவில் பதில் சொல்லி வளர்ந்தான்.

6

போன வருசம் லீவில் ஊருக்கு வந்தோம். எண்பத்தைந்து. ஊர் நாங்கள் விட்டுப்போன ஊராக இல்லை. பஸ்ஸில் எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் கதைத்தார்கள். கல்முனைக்கு வருகிற வழியில் ஓரிடத்தில் எல்லோரையும் இறக்கி நிற்கவைத்தார்கள். கடவுச்சீட்டைப் பார்த்த ராணுவப் பொடியனுக்கு வயது அதிகமிராது. குனிந்து மகனிடம் பெயரைக் கேட்டான். மகன் அஜூஜி என்றான்.

பொடியன் கடவுச்சீட்டைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தான். இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இல்லை, அது விளையாட்டுப் பேர், இவன் பெயர் ஸக்கி, ஸக்கி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியென்றால் என்ன என்று கேட்டான். இவர் சிங்கம் என்றார். அந்நேரம் யாரோ அந்தப் பொடியனை வீரசிங்க என்று கூப்பிட்டார்கள். அவன் பெயரிலும் ஒரு சிங்கம். அவன் சிரித்தான்.

"சிங்கமெண்டால் சரி. புலி இல்லதானே."

பஸ்ஸில் ஏறிய பிறகும் இவர் கடவுச்சீட்டைப் பைக்குள் வைக்காமல் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். மகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் எல்லோரும் அவனைத் தூக்கிப் பெயர் கேட்டார்கள். அவன் அஜூஜி என்றான். அதென்ன பேர் என்று மச்சான் கேட்க, இவர் முந்திக்கொண்டு, அந்த நாட்டுப் பாஷையில் சிங்கம் என்று அர்த்தம் என்றார். உம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குசினியில் வைத்து உண்மையைச் சொன்னேன். உம்மா அரிசி களைவதை நிறுத்தி, ஈரக்கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி களையத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இவர் மகனை, பிள்ளைகளை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப்போனார். பெண்கள் அங்கே போவதில்லை. திரும்பி வந்தபோது இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

7

வரச்சொன்னபடி வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். காதில் ஒரு பழுதும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டதை இவர் தலைமை ஆசிரியையிடம் சொன்னார். பிறகு, சந்தில் வேறு பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டது என்று இழுத்தார். என்ன பெயர் என்று அவர் மறுபடி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். சிங்கம் என்று இவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவர் சொன்னார்: "அஜூஜி. குப்பைமேடு என்று அர்த்தம். இவனுக்கு முன்பு எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள்."

தலைமை ஆசிரியை பேனாவை வைத்துவிட்டார். என் தம்பியின் பெயர் மலோமோ என்றார். இனிமேல் போய்விடாதே என்று பொருளாம். அவனுக்கு முன் எத்தனை பேர் போனார்கள் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லையாம்.

பிறகு மகனைக் கூப்பிட்டு, இடாப்பில் பெயர் சொல்லும்போது ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று ஹௌஸாவில் அவரே கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான். பழக்கமில்லாததால் என்றுதான் சொல்வான் என்று நான் இருந்தேன்.

"அது மவுத்தான ஆக்கள்ட பேரு" என்றான், ஹௌஸாவிலேயே.

எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை. யார் சொன்னது என்று இவர் கேட்டார்.

"நீங்கதான். அங்க நிண்டு ஹம்ஸா, காலித், ஸக்கி எண்டு சொல்லி அழுதீங்க. மண்ணுல மூணு கட்டை இருந்திச்சி."

மையவாடியில் ஒவ்வொரு கபுறடியிலும் அடையாளத்துக்கு நட்டிருக்கும் மீசான் கட்டைகளைத்தான் சொல்கிறான். இவர் பதறிப்போய், போன இருவருக்கும் மறுமைக்காகவும் இருக்கிறவனுக்கு ஆயுளுக்காகவும் சேர்த்து துஆக் கேட்டேன், மூன்றாவது கட்டை வேறு யாருடையதோ என்று தமிழில் சொன்னார், ஹௌஸாவில் சொன்னார், இடையில் இங்கிலீஷும் வந்தது. பஸ்ஸை மறித்துத் துவக்கு வைத்திருந்த ராணுவ ஆளிடமும் அந்தப் பேரைத்தானே சொன்னீங்க என்று மகன் கேட்டான்.

ஒரு வருசமாக அந்தப் பிள்ளை அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். பாஷை மாறிப்போகிறது, ஊர் மறந்துபோகிறது என்றெல்லாம் நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவனோ தன்னை யாரும் கபுறுக்குக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது செம்மண் பாதையில் அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். மகன் ஒவ்வொன்றாகக் கேட்டான். ஹம்ஸா எனக்கு என்ன முறை? காக்கா, உன் மூத்த அண்ணன். காலித்? அவனும் காக்காதான். காலித்துக்குப் பல்லு இருந்ததா?

"கீழ ரெண்டு வந்திருந்திச்சி" என்றார் இவர். "என்ட விரலக் கடிப்பான்."

இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கதை இவர் வாயிலிருந்து வருவதை முதன்முதல் அன்றுதான் கேட்டேன். பாதை கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நடந்துகொண்டுதான் வந்தேன்.

பிறகு மகன், ஹம்ஸா சிங்கம் மாதிரியா இருந்தான் என்று கேட்டான்.

"இல்ல மகன். சின்னப் புள்ளையா இருந்தான்."

திங்கட்கிழமை இடாப்பில் கூப்பிட்டபோது மகன் எழும்பி நின்றானாம். சந்துக்குள் வந்தால் அஜூஜிதான். எந்தப் பெயர் அவனுடையது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அவனுக்கு அந்தக் குழப்பம் இல்லைபோலத் தெரிகிறது.

தனக்கு நிந்தவூரில் இரண்டு காக்கா இருக்கிறார்கள் என்று பரௌவிடம் சொல்லியிருக்கிறான். அது லரபாவின் காதுக்குப் போய், பின்னேரம் அவள் வந்து என் பக்கத்தில் பாயில் இருந்தாள். பெயர்களுக்கு அவள் பொருள் கேட்கவில்லை. முகம் யாரைப் போல என்று கேட்டாள். ஹம்ஸா என் உம்மாவைப் போல, அதே நெற்றி என்றேன். காலித் அவன் வாப்பாவைப் போல, தூங்கும்போதுகூடப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருப்பான் என்றேன். எனக்குத் தெரிந்த ஹௌஸா அவ்வளவும் முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை லரபா எழும்பவில்லை.